கிண்ணம் கடையப் பழகும்போது

மரக் கடைசல் வகுப்புக்குப் போகிறீர்களா? கையுறை வேண்டாம், தொளதொள சட்டையும் வேண்டாம். சுழலும் மரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். முகத்தை முழுக்க மறைக்கும் கவசம் கட்டாயம்.

மரத்தை லேத்தில், அதாவது அதைச் சுழற்றும் இயந்திரத்தில், பூட்டியதும் ஸ்விட்சைத் தொடாதீர்கள். கையால் ஒரு சுற்று சுற்றி, உளி வைக்கும் தாங்கியில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாண் அகலத் துண்டுக்கு நிமிடத்துக்கு 500 சுற்று போல ஆரம்பித்தால் போதும். லேத் ஆடினால் இன்னும் குறையுங்கள்.

இனிதான் விஷயமே. உளி முதலில் தாங்கியில் உட்கார வேண்டும், அப்புறம்தான் மரம். கூர் விளிம்பை நேரே கொடுக்காதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் சாய்ந்த முகத்தை மரத்தில் உரசவிட்டு, பிடியை மெல்ல உயர்த்துங்கள்; சுருள் சுருளாகச் சீவல் வரும். எனக்கு முதல் நாள் காலை முழுக்கத் தூள்தான் வந்தது. ஆசிரியர் வந்து, உளிப் பிடியை என் இடுப்போடு ஒட்டி வைத்தார். "கையால் தள்ளாதே தம்பி, உடம்போடு சாய்" என்றார். அடுத்த நொடி கரகரப்பு போய் 'ஸ்ஸ்' என்றது. அந்தச் சத்தத்தைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணைவிட அது சீக்கிரம் சொல்லும்.

மர இழை சுழலும் அச்சுக்குக் குறுக்கே ஓடும் வழக்கமான கிண்ணத்தில், வெளிப்பக்கத்தை அடியிலிருந்து வாய் நோக்கிச் சீவுங்கள். உள்பக்கத்தை வாயிலிருந்து நடு நோக்கி. மாற்றிச் சீவினால் இழை பிய்ந்துவிடும்.

பச்சை மரமா? கிண்ணத்தின் சுவரை அதன் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிமனில் விட்டு, சில மாதம் காயவைத்து மறுபடி கடையுங்கள். காயும்போது நீள்வட்டமாகக் கோணும். பயப்படாதீர்கள், அதற்குத்தான் அந்தத் தடிமன்.