கிரான்பெர்ரியும் நீர்க்கடுப்பும்: நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நீர்க்கடுப்பு வந்த பிறகு, கிரான்பெர்ரி என்ற புளிப்பான சிவப்புப் பழத்தின் பொடிப் பாக்கெட்டை வாங்கிக் கரைத்துக் குடித்துவிட்டு, ரெண்டு மூணு நாள் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வந்துவிட்ட தொற்றை அது ஆற்றாது. ஈ.கோலை கிருமி தன் நுண்ணிய மயிரிழைகளால் சிறுநீர்ப்பாதையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டுதான் பெருகுகிறது. அப்படிப் பற்றிக்கொள்ள விடாமல் தடுப்பதுதான் கிரான்பெர்ரியின் வேலை, கிருமியைக் கொல்வது இல்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, சிறுநீரில் ரத்தம் என்று எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலுக்கே போய்விடுவது நல்லது.

அப்புறம் இந்த நிறம். பழத்துக்குச் சிவப்பும் ஊதாவும் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. ஆனால் கிருமியை ஒட்டவிடாமல் தடுப்பதாக ஆய்வுகளில் பேசப்படுவது அதன் நெருங்கிய சொந்தமான புரோஆந்தோசயனிடின், அதிலும் 'ஏ' வகை வேதிப்பிணைப்பு கொண்ட ரகம். அதற்கு நிறமே கிடையாது, துவர்ப்புதான். ஆகவே ஜூஸ் எவ்வளவு சிவப்பு என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாவல்பழமும் கருந்திராட்சையும் ஊதாதானே, அதுவே போதும் என்பதும் இதே தவறுதான். நல்ல பழங்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் இதற்காக அல்ல. களாக்காயை 'இந்தியக் கிரான்பெர்ரி' என்று விற்கிறார்கள், அது அரளிக் குடும்பம். கிரான்பெர்ரிக்கு உறவே இல்லை.

மாத்திரை அட்டையில் 500 மில்லிகிராம் என்று இருந்தால் அது பெரும்பாலும் பழச்சாரத்தின் எடை. ஆய்வுகளில் அடிக்கடி வரும் நாளளவு 36 மில்லிகிராம் புரோஆந்தோசயனிடின், அந்த எண் அட்டையில் இருக்கிறதா என்று தேடுங்கள். கடையில் கிடைக்கும் உலர்பழத்திலும் ஜூஸிலும் பெரும்பாலும் சர்க்கரைதான் தூக்கல், சுகர் உள்ளவர்கள் கவனம்.

எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து குறைந்தது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர் முழுதாக வெளியேறாத சிக்கல் உள்ளவர்களுக்கும் தெளிவான பலன் தெரியவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஆக்ஸலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது.