மரத்தரையை நீங்களே போடும்போது: ஆணிக்கு முன்னே நடக்கும் தவறுகள்

புது வீட்டுக்கு மரத்தரையைத் தாங்களே போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் பலகை அறுப்பதற்கும் ஆணி அடிப்பதற்கும்தான் தயங்குகிறார்கள். அவை செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். தரையைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். பலகை வந்து இறங்கிய கையோடு வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு.

மரம் அறுபட்டு எத்தனை ஆண்டுகள் ஆனாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் வெளியே விட்டுக்கொண்டும் இருக்கும். உறிஞ்சும்போது அகலவாக்கில் விரியும்; நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. ஈரப் பலகையை உலர்ந்த வீட்டில் பதித்தால் சில மாதங்களில் இடுக்குகள் விழும். உலர்ந்த பலகையை ஈரமான வீட்டில் பதித்தாலோ பலகைகள் ஒன்றையொன்று நெருக்கித் தரையே மேலெழும்பும்.

"மூன்று நாள் வீட்டுக்குள் போட்டு வைத்தால் போதும்" என்று சொல்வார்கள். நாள் கணக்கை நம்ப வேண்டாம். ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். பலகையையும், அதைப் பதிக்கப்போகும் அடித்தளத்தையும் பல இடங்களில் அளந்து பாருங்கள். 3 அங்குலத்துக்குக் குறைவான அகலமுள்ள பலகைகளில் இரண்டு அளவுகளுக்கும் இடையே 4 சதவீதப் புள்ளிகளுக்கு மேலும், அகலப் பலகைகளில் 2 சதவீதப் புள்ளிகளுக்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. சுவர்ப்பூச்சும் பெயின்டும் காய்ந்து, கதவு ஜன்னல்கள் பொருத்தி, வீடு குடியிருக்கும் நிலைக்கு வந்த பிறகே பலகை உள்ளே வர வேண்டும். ஈரச் சுவர்களுக்கு நடுவே அடுக்கி வைத்தால் பலகை அந்த ஈரத்தைத்தான் குடிக்கும்.

கான்கிரீட் இன்னும் ஏமாற்றும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் வற்ற மாதக்கணக்கில் ஆகும். பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் ஒட்டிவைத்து மறுநாள் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். கோக்கவில்லை என்பதற்காக ஈரமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கான்கிரீட்டுக்கென்றே உள்ள ஈரப்பதச் சோதனையைச் செய்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சுவரை ஒட்டிப் பலகையை இறுக்கிப் பதிப்பதும் இதே ஈரக் கணக்கை மறப்பதால் வருவதுதான். சுற்றிலும் முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர், இடம் விட வேண்டும். அசிங்கமாகத் தெரியுமே என்று கவலைப்படாதீர்கள். சுவரடிப் பட்டை அதை மறைத்துவிடும். அந்தப் பட்டையைச் சுவரில்தான் ஆணியடிக்க வேண்டும், தரையில் அல்ல.

அடித்தளம் 10 அடிக்கு 3/16 அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பள்ளத்தின் மேல் பதித்த பலகை கால் வைக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். முதல் வரிசைக்குச் சுவரை நம்பாமல் நூல் அடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நேரான சுவர் அபூர்வம். பலகைக் கட்டு ஒன்றைப் பிரித்து முடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்தால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். நாலைந்து கட்டுகளைச் சேர்த்துப் பிரித்துக் கலந்து அடுக்குங்கள். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் பலகை முனைகள் குறைந்தது 6 அங்குலமாவது விலகியிருக்கட்டும்.

பழைய மரத்தரையோடு வீட்டை வாங்கியவர்களுக்கு வேறு ஆபத்து. தரையைத் தேய்த்துப் புதுப்பிக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பு, தேய்க்க எவ்வளவு மரம் மிச்சமிருக்கிறது என்று வாசற்படிப் பட்டையைக் கழற்றிப் பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். திட மரமானால் பலமுறை தேய்க்கலாம். பிளைவுட்டின் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மரம் ஒட்டிய பலகையானால், கொஞ்சம் அழுத்தினாலே அடியிலிருக்கும் பிளைவுட் பல்லிளிக்கும். பலகைகளின் ஓரம் தூக்கி நடு குழிந்திருக்கிறதா? அப்படியானால் அடியில் ஈரம் இருக்கிறது. உடனே தேய்த்துச் சமமாக்கினால், பின்னால் ஈரம் வற்றும்போது ஓரங்கள் இறங்கி நடு மேடாகிவிடும். ஈரம் வரும் வழியை அடைத்து, மரம் முழுக்க உலரும்வரை தொடாதீர்கள்.

உருளை வைத்த தேய்ப்பு இயந்திரம்தான் இந்த வேலையிலேயே பொல்லாதது. நகராமல் ஒரு நொடி நின்றாலும் தரையில் குழி விழும். வார்னிஷ் ஏறியதும் அது பளிச்சென்று தெரியும். நடந்துகொண்டேதான் உருளையை இறக்க வேண்டும், நடந்துகொண்டேதான் தூக்க வேண்டும். வேகம் பழகாதவர்கள் தட்டு வடிவ இயந்திரத்தை எடுப்பதே நல்லது. நேரம் கூடுதலாகும், ஆனால் தரை பிழைக்கும்.

உப்புத்தாளில் எண் கூடக் கூடச் சொரசொரப்புக் குறையும்; 40, 60, 80, 100 என்று படிப்படியாகப் போக வேண்டும். 40-இலிருந்து நேராக 100-க்குத் தாவினால் முதல் தாளின் கீறல்கள் அப்படியே நிற்கும். ஒவ்வொரு தாளுக்கும் முன்பு தரையில் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் மறையும்வரை தேய்த்தால் விட்டுப்போன இடம் தெரியும். பிறகு அறையை இருட்டாக்கி, விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குப் படாத கீறல்கள் நிழலோடு எழுந்து நிற்கும். மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு, நல்ல முகக்கவசம் கட்டாயம்.

தேய்த்த தரைக்கு மேல்பூச்சாகப் பூசும் பாலியூரிதேன் வார்னிஷ் டப்பாவைக் குலுக்காதீர்கள். குமிழிகள் பூச்சில் தங்கிவிடும். குச்சியால் மெதுவாகக் கலக்கினால் போதும். நீர் கலந்த வகைக்குப் பூச்சுகளுக்கு இடையே இரும்புக் கம்பளியால் தேய்த்தால் துகள்கள் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகும். எண்ணெய் வகை காலால் மிதிக்கும் அளவுக்குக் காய்ந்த பிறகும் முழுதாக இறுக ஒரு மாதம்வரை ஆகலாம். அதுவரை கம்பளம் விரிக்க வேண்டாம்.

எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே, எரியக்கூடிய பொருள்களிலிருந்து தள்ளி, ஒவ்வொன்றாக விரித்துக் காயவையுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள இரும்பு டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள்.