ப்ளூஸ் பாட்டை நம்ம கட்டையில் எடுப்பது எப்படி

கிட்டாரும் டோலக்கும் சேர்ந்து உட்காரும் குழு ஒன்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸை எடுக்கலாம் என்று முடிவு செய்தால், முதலில் யூடியூபில் அதிகம் பேர் பார்த்த கவரை (ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடிய பதிவை) திறந்து அதையே அச்சு அசலாக வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கவரே இன்னொரு கவரைக் கேட்டு எடுத்ததாக இருக்கும். கை மாறும்போதெல்லாம் பாட்டிலிருந்து ஏதாவது ஒன்று உதிர்ந்துகொண்டே வரும்.

‘ஹவுண்ட் டாக்’ இதற்கு நல்ல உதாரணம். எல்விஸ் பிரெஸ்லியின் 1956 பதிவை மட்டும் கேட்டவருக்கு அது நாயைப் பற்றிய பாட்டு. பிக் மாமா தார்ன்டன் 1952இல் பாடி 1953இல் வெளிவந்த முதல் பதிவில் அது உட்கார்ந்து தின்கிற ஆம்பளையை ஒரு பெண் வாசலோடு விரட்டுகிற பாட்டு. நடுவில் ஃப்ரெடி பெல்லின் குழு வரிகளை மாற்றி முயல் பிடிக்கத் தெரியாத நாயாக்கியது. எல்விஸ் லாஸ் வேகாஸில் கேட்டு எடுத்துக்கொண்டது அந்த மாற்றிய பாட்டை. பாட்டின் கோபம் போய்விட்டது, துள்ளல் மட்டும் மிச்சம்.

அதனால் ஒரு பாட்டுக்குக் குறைந்தது மூன்று பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: கிடைப்பதிலேயே பழையது, நடுவில் அதை மாற்றிப்போட்டது, இன்று எல்லோருக்கும் தெரிந்தது. பழையதை முதலில் கேட்க வேண்டும். புதியதை முதலில் கேட்டால் காது அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும், பழையது வெறும் இரைச்சலாகக் கேட்கும்.

எதை எடுப்பது

வடசென்னையில் பாடுவதற்கு ‘வென் த லெவி பிரேக்ஸ்’ (கரை உடையும்போது) பாட்டைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்வது கஷ்டம். 1927இல் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்து பல லட்சம் பேர் வீடிழந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1929இல், கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் இரண்டே கிட்டாரோடு இதைப் பதிவு செய்தார்கள். பாடியது ஜோ, மேலே ஓடும் விரல் வேலை மின்னியுடையது. 1971இல் லெட் ஸெப்பலின் என்ற ராக் குழு எடுத்தபோது நடையையே இழுத்து நிறுத்தி, பெரிய டிரம்ஸும் மௌத் ஆர்கனும் வைத்து, 12 பார் கட்டுக்கோப்பை (பார் என்பது 4 அடி கொண்ட ஒரு அளவு) விட்டுப் பெரும்பாலும் ஒரே சுருதியில் நிற்கும் பாட்டாக ஆக்கினார்கள். 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் கலந்து வந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாடகருக்கு மைனர் மெட்டு சுலபம் என்றால் ‘த த்ரில் இஸ் கான்’. ராய் ஹாக்கின்ஸ் 1951இல் பாடியது, பி.பி. கிங் 1969இல் எடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கிங் வாசித்த பி மைனரில் பார்கள் இப்படிப் போகும்: பி மைனர் நான்கு, ஈ மைனர் இரண்டு, பி மைனர் இரண்டு, ஜி ஒன்று, எஃப் ஷார்ப் 7 ஒன்று, பி மைனர் இரண்டு.

‘கீ டு த ஹைவே’ கேட்டுப் பழக நல்ல பாட்டு. 1940இல் சார்லி சீகர் பதிவு செய்தபோது அது 12 பார். பிறகு பிக் பில் ப்ரூன்ஸியும் ஜாஸ் கில்லமும் எடுத்த 8 பார் வடிவம்தான் நிலைத்தது. ஏ சுருதியில் ஏ, ஈ, டி, டி, ஏ, ஈ, ஏ, ஈ என்று ஆளுக்கு ஒரு பார். ஒரே வரிகள், வேறு சட்டகம். கவர் என்றால் என்ன என்பதை இந்த இரண்டு பதிவுகளே காட்டிவிடும்.

கேட்கும்போது என்ன எழுதி வைப்பது

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாளில் ஐந்து விஷயம்: சுருதி, ஒரு சரணத்துக்கு எத்தனை பார், நடை, வரிகளின் வரிசை, பாடகர் மூச்சு விடும் இடத்தில் பதில் சொல்வது எந்த வாத்தியம். மூன்று தாளிலும் மாறாமல் இருப்பது பாட்டின் எலும்பு. அதைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் கையில்.

பழைய பதிவைக் கேட்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். முதலாவது சுருதி. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டுகளின் வேகம் பதிவிலும் பின்னால் நகலெடுப்பதிலும் கொஞ்சம் கூடக்குறைய இருந்திருக்கும். பாட்டு ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் நிற்கும், உங்கள் கிட்டார் எதோடும் சேராது. கிட்டாரைப் பதிவுக்கு ஏற்ற மாதிரி கூட்டியோ குறைத்தோ வைத்துப் பழகுங்கள். மேடைக்கு எந்தக் கட்டை (பாடும் சுருதி) என்பது வேறு விஷயம். இரண்டாவது நீளம். தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பிடிக்கும். பாட்டு அங்கே முடிவது தட்டு தீர்ந்ததால். நடன அரங்கில் இதே பாட்டு எவ்வளவு நேரமும் ஓடியிருக்கும்.

வரிகளும் ஊர் மாறும். ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் ஆன்டோனியோவில் பதிவு செய்த ‘க்ராஸ் ரோடு ப்ளூஸ்’ பாட்டை க்ரீம் குழு 1968இல் மேடையில் வாசித்தபோது, ஜான்சனின் வேறொரு பாட்டிலிருந்து ஒரு சரணத்தைக் கொண்டுவந்து இதில் செருகிவிட்டார்கள். யாரும் தப்பு என்று சொல்லவில்லை. கானாவிலும் ஒரு மெட்டில் பிறந்த வரி அடுத்த மெட்டில் போய் உட்காருவது புதிதல்ல.

கட்டை, கார்டு, மௌத் ஆர்கன்

முதலில் பாடகரின் கட்டை, பிறகுதான் கிட்டார். அடிப்படைச் சட்டகம் ச, ம, ப மூன்றும்தான். ச நான்கு பார், ம இரண்டு, ச இரண்டு, ப ஒன்று, ம ஒன்று, ச ஒன்று, கடைசியில் திரும்ப ப ஒன்று. பாருக்கு 4 அடி வீதம் மொத்தம் 48 அடி. 3 கட்டை என்றால் ஈ, ஏ, பி 7. 5 கட்டை என்றால் ஜி, சி, டி 7. 6 கட்டை என்றால் ஏ, டி, ஈ 7.

மௌத் ஆர்கனில்தான் காசு வீணாகும். கடையில் கேட்டால் பெரும்பாலும் 24 துளை ட்ரெமலோ வகையைக் கொடுப்பார்கள். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு நாக்கு, சுரத்தை வளைக்க வராது. 10 துளை டையட்டானிக் என்று கேட்டு வாங்குங்கள். பாட்டு எந்தச் சுருதியோ அதே எழுத்தை வாங்கவும் கூடாது. பாட்டின் மத்யமம் எதுவோ அதுதான் ஆர்கனின் எழுத்து: ஜி பாட்டுக்கு சி ஆர்கன், ஈ-க்கு ஏ, ஏ-க்கு டி. அப்போதுதான் உள்ளே இழுக்கும் 2, 3, 4ஆம் துளைகளில் பாட்டின் முக்கியமான சுரங்கள் விழும், வளைக்கவும் முடியும். ஊதிக்கொண்டே இருக்கிறோம், ப்ளூஸ் மாதிரி வரவில்லையே என்பவர்களுக்கு நோய் பெரும்பாலும் இதுதான்.

பாடகருக்கு: சுத்த தன்யாசியின் ச க ம ப நி கையிருப்பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சிக்கல் காந்தாரத்தில். கிட்டார் அந்தர (மேல்) காந்தாரம் உள்ள மேஜர் கார்டு வாசிக்கும்போது பாடகர் சாதாரண (கீழ்) காந்தாரத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்த உரசல்தான் வேண்டும், அதைத் திருத்திவிடாதீர்கள். கீபோர்டில் நடுச்சுரம் கிடையாது. கீழ்க் காந்தாரத்தைத் தட்டி உடனே மேல் காந்தாரத்துக்கு விரலைச் சறுக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

நடை

ஷஃபிள் என்பது ஒவ்வொரு அடியும் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரிவது. நம்ம குத்து அடியும் மூன்றாகத்தான் பிரியும், அதனால் டோலக்குக்கு இது அந்நியமில்லை. ஆனால் பழக்க தோஷம் இங்கேதான் காலை வாரும். ஷஃபிளில் ‘த’வும் ‘ட’வும் மட்டும் கேட்க வேண்டும், ‘கி’ காலியாக இருக்க வேண்டும். கை சும்மா இருக்காமல் மூன்றையும் நிரப்பினால் பாட்டு ஓடத் தொடங்கிவிடும், சாய்ந்து நடக்காது. பாரின் 2, 4ஆம் அடிகளில் அழுத்தம். அந்த இரண்டு அடியைச் சட்டி மேளத்துக்குக் கொடுத்துவிட்டு டோலக்கை ‘த-ட’வோடு நிறுத்துங்கள். மெதுவான பாட்டுக்கு மெட்ரோனோமில் 60 முதல் 70, நடுத்தர ஷஃபிளுக்கு 110 முதல் 120 வைத்துப் பழகலாம்.

பழைய தனிப்பாடகர்கள் 12 பாருக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. வரி நீண்டால் பாரும் நீளும். ஜான் லீ ஹுக்கர் பல பாட்டுகளில் கார்டையே மாற்றமாட்டார். குழுவாக வாசிக்கும்போது பார்களை நேர் செய்வதா, பாடகரோடு போவதா என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். பாடகரோடு போவதென்றால் டோலக் வாசிப்பவர் பாடகரின் வாய் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். ‘ம’வுக்கு மாறும் இடத்தில் பாடகர் தலையசைத்துக் காட்ட வேண்டும். ஆளுக்கொரு பக்கம் மாறிவிட்டால் யாரும் பார்களை எண்ணித் துரத்த வேண்டாம். எல்லோரும் ‘ச’வில் நின்றுகொண்டு அடுத்த சரணத்தின் முதல் வார்த்தைக்காகக் காத்திருப்பதே பத்திரம்.

தமிழ் வரி எழுதுவது

முதல் வரி, அதே வரி திரும்ப, மூன்றாவதாக முடிச்சு. ஒவ்வொரு வரிக்கும் 4 பார் கிடைக்கும், ஆனால் வார்த்தை முதல் 2 பாரில் முடிந்துவிட வேண்டும். மீதி 2 பார் கிட்டாருக்கோ ஆர்கனுக்கோ. தமிழில் எழுதும்போது 4 பாரையும் வார்த்தையால் நிரப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. பதில் சொல்ல இடமில்லாமல் வாத்தியம் பாடகர் மேலேயே ஏறி வாசிக்கும். ஆங்கில வரியைப் பெயர்த்து எழுதாதீர்கள். கரை என்றால் உங்களுக்கு எது? கேப்டன் காட்டன் கால்வாயா, பக்கிங்காம் கால்வாயா, மூழ்கிப்போன கணேசபுரம் சப்வேயா? அங்கிருந்து தொடங்குங்கள். இப்படி:

முட்டிக்கு மேல தண்ணி ஏறுது, மோட்டார் ரூமு மூழ்குது
முட்டிக்கு மேல தண்ணி ஏறுது, மோட்டார் ரூமு மூழ்குது
மேல்வீட்டு அக்கா கயிறு போட்டுச்சு, மொதல்ல எங்க ஆயா ஏறுது

மோனை தானாக வரி முழுக்க ஓடுவதால் கடைசி இயைபுக்காக வார்த்தையை முறுக்க வேண்டியதில்லை. இரண்டாவது தடவை பாடும்போது அடியில் ‘ம’ வருகிறது. வரி அதேதான், ஆனால் கனம் கூடும். அதனால் முதல் வரியில் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், தீர்ப்பை மூன்றாவதுக்கு வையுங்கள்.

ஸ்லைடு

ஸ்லைடு என்பது விரலில் மாட்டிக் கம்பி மேல் சறுக்கும் குழாய். பாரிமுனைப் பக்கம் பைப் கடைகளில் சுண்டு விரலுக்குச் சேர்கிற ஸ்டீல் பைப்பில் 6 செ.மீ. வெட்டி வாங்கி, இரண்டு ஓரத்தையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தால் போதும். ஓரத்தில் பிசிர் இருந்தால் கம்பி அறுபடும். ஓபன் ஜி-க்கு (விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு வரும் அமைப்பு) 6ஆம் கம்பியை டி-க்கும், 5ஐ ஜி-க்கும், 1ஐ டி-க்கும் இறக்குங்கள், மற்றவை அப்படியே. பைப்பை ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே வைக்க வேண்டும், விரல் வைக்கிற மாதிரி கோட்டுக்குப் பின்னால் வைத்தால் சுருதி குறையும். பைப்புக்குப் பின்னால் இருக்கும் விரல்கள் கம்பியை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும், இல்லாவிட்டால் கீச்சொலி தனியாகக் கேட்கும். காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பியில் ஸ்லைடு கரகரக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள், கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் உறையில் வையுங்கள்.

பதிவு

லெட் ஸெப்பலின் ‘லெவி’ பாட்டின் டிரம்ஸை ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தது. ஹவுசிங் போர்டு மாடிப்படிக்கும் அந்த எதிரொலி உண்டு. சட்டியும் டோலக்கும் தரைத்தளத்தில், ஃபோன் முதல் மாடித் திருப்பத்தில். பக்கத்தில் இன்னொரு மைக்கும் வைத்தால் இரண்டையும் அப்படியே கலக்காதீர்கள். மீட்டருக்குச் சுமார் 3 மில்லி வினாடி ஒலி தாமதமாகும். 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் 30 மில்லி வினாடி, ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும். மேல் ஒலித்தடத்தை அந்த அளவுக்கு முன்னே நகர்த்தினால் சரியாகிவிடும். தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தைத் தவிருங்கள், குடியிருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். இரவு 10க்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஸ்பீக்கர் கட்டச் சட்டம் அனுமதிக்காது.

வெளியிடும் முன்

இந்தியச் சட்டத்தில் பாட்டின் உரிமை எழுதியவர் இறந்த பின் 60 வருடம். ராபர்ட் ஜான்சன் 1938இல் இறந்தார், அவர் எழுதியவற்றுக்கு இங்கே காலம் முடிந்துவிட்டது. மெக்காய் இறந்தது 1950, மின்னி 1973. இருவர் சேர்ந்து எழுதியதற்குக் கடைசியாக இறந்தவரிலிருந்துதான் கணக்கு, எனவே ‘லெவி’க்கு இன்னும் உரிமை இருப்பதாக வைத்துக்கொண்டு நடப்பதே பத்திரம். கவர் பதிவுக்கான சட்டப்படியான உரிமம் வரிகளை மாற்றுவதற்குச் செல்லாது. அவர்கள் மெட்டில் தமிழ் வரி போட்டு வெளியிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். 12 பார் சட்டகம் யாருடைய சொத்துமில்லை. மெட்டும் வரியும் உங்களுடையது என்றால் பாட்டும் உங்களுடையது. எப்படி வெளியிட்டாலும் விவரக் குறிப்பில் முதலில் பாடியவர், எழுதியவர், ஆண்டு மூன்றையும் போடுங்கள். மெம்பிஸ் மின்னியின் பெயர் தெரியாமலே அந்தப் பாட்டை வாசிப்பவர்கள் ஏராளம். நெட்டிலிருந்து எடுத்த கரோக்கி ட்ராக்கை மட்டும் அடியில் ஓடவிடாதீர்கள். பாட்டு காலம் கடந்ததாக இருந்தாலும் அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, யூடியூப் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.