மொடியூலர் சிந்தசைசர் கட்டத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொடியூல் எனப்படும் தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து ஒலி உருவாக்கும் மின்னணு இசைக்கருவிதான் மொடியூலர் சிந்தசைசர். அதைத் தன் கையால் கட்ட ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த விசிஓ நல்லது?" என்றுதான். கொடுக்கும் வோல்ட்டேஜுக்கு ஏற்றபடி சுருதியை மாற்றி ஒலி எழுப்பும் பகுதிதான் விசிஓ. ஆனால் அதற்கு முன்னால், மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறோம் என்று கேட்க வேண்டும். தொடக்கத்தில் எரிந்துபோகும் ஐசி சில்லுகளில் பெரும்பாலானவை பவர் சப்ளையைச் சரியாகக் கவனிக்காததால் எரிபவை.

இன்று பலரும் பின்பற்றும் யூரோராக் அமைப்பை 1990களில் தொடக்கிவைத்தவர் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர். அதில் முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் 5.08 மில்லிமீட்டரின் மடங்கு. மின்சாரம் +12 வோல்ட், −12 வோல்ட் என்று இரண்டாக வர வேண்டும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போய் "12 வோல்ட் அடாப்டர்" என்று மட்டும் கேட்டால் டிசி அடாப்டர்தான் கையில் வரும். அதில் −12 கிடையாது. 12 வோல்ட் ஏசி வெளிவரும் அடாப்டர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு டயோட், பெரிய கபாசிட்டர்கள், வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர்களான 7812, 7912 ஒவ்வொன்று இருந்தால் அதிலிருந்தே இரண்டு வோல்ட்டேஜையும் எடுக்கலாம். உயர்தரத்தில் இருவாயி, கொள்ளளவி, தடையி என்று படித்திருந்தாலும் கடையில் டயோட், கபாசிட்டர், ரெசிஸ்டர் என்றே கேளுங்கள்.

7812, 7912 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கால்களின் வரிசை வேறு. 7812இல் உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. 7912இல் கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. 7912இன் உலோக முதுகும் உள்ளீட்டோடு இணைந்தது. அதனால் இரண்டையும் சூட்டை வெளியேற்றும் ஒரே ஹீட்சிங்கில், இடையில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு வைக்காமல் முறுக்கினால் ஷோர்ட் ஆகிவிடும். என் முதல் பவர் சப்ளையில் இதைக் கவனிக்காமல் விட்டேன். புகை வந்த பிறகுதான் டேட்டாஷீட்டைத் திறந்தேன். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: 230 வோல்ட் வயரை உலோகப் பெட்டிக்குள் கொண்டுவரும் வேலையை முதல் முயற்சியில் தொடவே வேண்டாம்.

அப்புறம், பவர் சப்ளையிலிருந்து மொடியூலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பட்டையான ரிப்பன் வயர். சிவப்புக் கோடு −12 பக்கம் வர வேண்டும். சிவப்பு என்றால் பொசிட்டிவ் என்ற பழக்கத்தில் திருப்பிச் செருகினால் +12, −12 இடம் மாறி ஐசிகள் போய்விடும். செருகியின் பள்ளத்தை மட்டும் நம்பாதீர்கள், பலகையில் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். நீங்கள் கட்டும் ஒவ்வொரு மொடியூலிலும் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு டயோட் போடுங்கள். மிக மலிவான காப்புறுதி அது.

பவர் சப்ளையை மல்டிமீட்டரில் அளந்து சரிபார்த்துவிட்டீர்களா? சரி, இனி சத்தம். 40106 என்ற ஐசியில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கபாசிட்டரும் சேர்த்தால் சதுர அலை வந்துவிடும். ஒரே ஐசியில் இப்படி ஆறு செய்யலாம். முதலில், சோல்டர் பண்ணாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டிலேயே செய்து கேளுங்கள். ஆனால் அதை +12க்கும் −12க்கும் நடுவே மாட்டாதீர்கள். அது 24 வோல்ட், அந்த ஐசி தாங்காது. +12, கிரவுண்ட் இரண்டும் போதும்.

விசிஓவைப் பிறகு பார்க்கலாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதன் சுருதி வெப்பத்துக்கு ஆடும். 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது கணக்கு. அதை நடத்தும் டிரான்சிஸ்டர் ஜோடியில் இந்தக் கணக்கு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.33 சதவீதம் நகரும். குளிரூட்டிய அறையில் 25 பாகையில் சுருதி சேர்த்துவிட்டு, மின்விசிறி மட்டும் ஓடும் வெள்ளவத்தை வீட்டில் 31 பாகையில் வாசித்தால் 2 சதவீத வித்தியாசம். மூன்று ஸ்தாயி மேலே போனால் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு இறங்கி நிற்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அது பெரிய பிசகு. வெப்பத்துக்கு ஏற்பத் தன் தடை மாறி இதை ஈடுசெய்யும் 3300 பிபிஎம் (பாகைக்கு 0.33 சதவீதம்) டெம்ப்கோ ரெசிஸ்டரை டிரான்சிஸ்டர்களோடு ஒட்டியபடி வைப்பதுதான் வழக்கமான தீர்வு. ஊரில் கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து வரவழைக்க நேரிடும். அதுவரை அதே அறையில், பத்துப் பதினைந்து நிமிடம் சூடேறவிட்டுச் சுருதி சேருங்கள்.

சோல்டர் பண்ண ரோசின் ஃப்ளக்ஸ் உள்ள ஈயக் கம்பியே வாங்குங்கள். குழாய் வேலைக்கான அமிலப் பசை செம்பை மெல்ல அரித்துவிடும். கடற்காற்றும் ஈரப்பதமும் அதற்குத் துணைபோகும். ஐசிகளுக்கு சொக்கெட் வையுங்கள். ஒலியளவுக்கு ஏ (A) என்று குறித்த பொட், அதாவது திருகி மாற்றும் ரெசிஸ்டர்; மற்ற இடங்களுக்கு பி (B).

கடைசியாக, கேட்கும் அவசரத்தில் வெளியீட்டை நேரே கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள். 40106இலிருந்து வருவது உச்சிக்கு உச்சி 12 வோல்ட் வரை. இடையில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், அடுத்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். இரண்டு ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் எடுத்தால் 1 வோல்ட் அளவே வரும். அதை அம்பிளிஃபயரின் லைன் உள்ளீட்டில் கொடுத்து, சத்தத்தை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.