வரப்போகும் ரயிலுக்கு வாடகை கட்டாதீர்கள்

ரொறன்ரோவில் இறங்கியதும் சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), வங்கிக் கணக்கு, சுகாதார அட்டை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் யாராவது கூட்டிப்போவார்கள். பயணக் கட்டணம் கட்டுவதற்கு ஒரு பிரெஸ்டோ அட்டை வாங்குங்கள். ஒரு தடவை தட்டினால் இரண்டு மணிநேரம் டிடிசி என்ற நகரப் போக்குவரத்துச் சேவையின் பஸ், ரயில் எல்லாம் மாறி ஏறலாம்.

வீடு பார்க்கும்போதுதான் கவனம் வேண்டும். 2010 இல் வந்த என் மச்சான் ஷெப்பர்ட் வீதிப் பக்கம் ஒரு பேஸ்மென்ட் எடுத்தான். வீட்டுக்காரர் நம்மவர்தான். "தம்பி, வாசலிலேயே ரயில் வரப்போகுது" என்று படத்தைக் காட்டி, அக்கம்பக்கத்தைவிட அதிக வாடகைக்கு ஒரு வருடக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அவர் சொன்னது முழுப் பொய்யுமில்லை. மேயர் டேவிட் மில்லர் 2007 இல் அறிவித்த ஏழு இலகு ரயில் (ட்ராம் போன்ற மின்ரயில்) பாதைகளில் ஷெப்பர்ட் கிழக்கும் ஒன்று. அந்தப் பாதையிலுள்ள அஜின்கோர்ட்டில் வேலையும் தொடங்கியிருந்தது. 2010 டிசம்பரில் ரொப் ஃபோர்ட் மேயரானார். பதவியேற்ற முதல் நாளே அந்தத் திட்டம் இனி இல்லை என்றார். ஷெப்பர்ட் கிழக்கில் அந்த ரயில் ஓடவேயில்லை. மச்சான் சாப்பாட்டுப் பையோடு பனியில் நின்று, நிரம்பி வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாடகை மட்டும் குறையவில்லை.

அந்த ஏழில் இன்னொன்றான எக்லிங்டன் வீதிப் பாதைக்கு 2011 இல் கிண்டத் தொடங்கினார்கள். 2020 இல் ஓடும் என்றார்கள். 2024 முடிந்தும் ஓடவில்லை. நகரின் கிழக்கில் எங்கள் ஸ்காபரோவில் 1985 முதல் ஓடிய ஆர்டி என்ற சிறு ரயில், 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி தடம் புரண்டதோடு நின்றது, மறுபடி திறக்கவேயில்லை. அதற்குப் பதிலாக ஏழு நிலையங்களோடு இலகு ரயில் போடவிருந்ததையும் கைவிட்டு, மூன்றே நிலையங்களோடு சுரங்க ரயில் கட்டுகிறார்கள். இத்தனை தமிழர் வேலைக்குப் போய்வரும் ஊரை இப்படி பஸ்ஸில் அலைக்கழிப்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே, இன்றைக்கு ஓடுகிற பஸ்ஸைப் பார்த்து வீடு எடுங்கள். கையெழுத்துப் போடுமுன் உங்கள் ஷிஃப்ட் நேரத்துக்கே அந்தத் தரிப்பிலிருந்து ஒருமுறை வேலையிடம் வரை போய்ப் பாருங்கள். ஞாயிறு வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமையே போங்கள்: அன்று சுரங்க ரயில் காலை எட்டு மணியளவில்தான் தொடங்கும், அதற்கு முன் முந்நூறு வரிசை இலக்கங்களுள்ள இரவு பஸ்கள்தான்.