பிள்ளைகளுக்கான வீட்டு வைஃபை: கட்டுப்பாடு ஒரே வாரத்தில் உடைந்துபோவது ஏன்?

இரவு ஒன்பதரைக்கு மேல் பிள்ளைகளுக்கு நெட் நிற்க வேண்டும். ஆபாசத் தளங்கள் திறக்கக் கூடாது. பெரியவர்களின் ஆபீஸ் வேலைக்கு இதனால் எந்தத் தடையும் வரக் கூடாது. பெரும்பாலான வீடுகளின் தேவை இவ்வளவுதான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'பேரன்டல் கன்ட்ரோல்' பகுதியில் பிள்ளையின் போனைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைக் குறித்து 'சேவ்' கொடுத்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பிள்ளை பதினொரு மணிக்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரிய ஹேக்கிங் எதுவும் நடந்திருக்காது. பூட்டை மாட்டிய இடம்தான் தவறு.

போனைப் பூட்டுவது

ரவுட்டர் ஒரு போனை அடையாளம் காண்பது மேக் முகவரியை வைத்து. முன்பெல்லாம் அது போனின் உடம்பிலேயே பதிந்த மாறாத எண். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி எண்ணைக் காட்டுகின்றன. கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் நம்மைப் பின்தொடராமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் வீட்டில் என்ன ஆகிறது? பிள்ளை வைஃபை அமைப்பில் 'ப்ரைவசி' என்ற இடத்துக்குப் போய், போலி எண்ணிலிருந்து உண்மை எண்ணுக்கு மாற்றினால் போதும். ரவுட்டருக்கு அது இதுவரை பார்த்திராத புதுப் போன். புதுப் போனுக்கு எந்த விதியும் இல்லை, முழு நெட் கிடைக்கும். ரவுட்டரின் பட்டியலில் ஒரு முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது போலி எண் என்று கொள்ளலாம்.

'மேக் மாறாதபடி போனில் வைத்துவிட்டேன்' என்பதும் அரைத் தீர்வுதான். பீரோவில் கிடக்கும் பழைய போன், விளையாட வந்த நண்பனின் போன், டிவி, டேப்லெட் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதிக்கொண்டே இருக்க முடியாது. கட்டுப்பாடு கருவியின்மேல் இருக்கக் கூடாது, வலையமைப்பின்மேல் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று தனி வைஃபை பெயர். அதில் எந்தக் கருவி நுழைந்தாலும் ஒரே சட்டம். பெரியவர்களின் வைஃபை பாஸ்வேர்டு பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. இனி சொல்லப்போவதெல்லாம் இதை ஒழுங்காகச் செய்வது பற்றித்தான்.

'கெஸ்ட்' வைஃபையை நம்புவது

தனிப் பெயர் என்றதும் 'கெஸ்ட்' நெட்வொர்க்கைத் திறந்துவிடுவார்கள். விலை குறைந்த ரவுட்டர்களிலும், இணைய நிறுவனம் மாட்டிக் கொடுக்கும் ஃபைபர் மோடங்களிலும், கெஸ்ட் என்பது பிரின்டரையும் மற்ற கம்ப்யூட்டர்களையும் மறைக்கும் ஒரு தடுப்புச் சுவர் மட்டுமே. அதற்கென்று தனி டிஎன்எஸ் (தளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை), தனி நேரக் கட்டுப்பாடு வைக்க வழி இருக்காது. மோடத்தின் டிஎன்எஸ்ஸை வாடிக்கையாளர் மாற்றவே முடியாதபடி நிறுவனம் பூட்டி வைத்திருப்பதும் உண்டு.

பிள்ளைகளுக்கென்றே இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்கிவிடுவது நேர்வழி; மோடத்தின் வைஃபை பெரியவர்களுக்கு. இரண்டு அலைவரிசையும் உள்ள சாதாரண ரவுட்டர் ஏறக்குறைய 1500 முதல் 2500 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: வைஃபைக்கு நேர அட்டவணை போட முடியுமா, டிஎன்எஸ்ஸை நாமே எழுத முடியுமா, குறிப்பிட்ட போர்ட் எண்களை (ஒவ்வொரு வகை இணையப் போக்குவரத்தும் போகும் வாசல் எண்களை) தடுக்க முடியுமா? மூன்றாவதைக் கடைக்காரர் சொல்லத் தெரியாமல் விழிப்பார். தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்த மாடலின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இணைக்கும்போது பலரும் சறுக்கும் இடங்கள் உண்டு. மோடத்தின் லேன் ஓட்டையிலிருந்து வரும் கேபிள், புது ரவுட்டரில் 'வான்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதிய ஓட்டையில் போக வேண்டும். லேனில் செருகினாலோ, 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் வைத்தாலோ, வைஃபை வேலை செய்யும். ஆனால் நீங்கள் எழுதும் டிஎன்எஸ்ஸையும் தடுப்புகளையும் தாண்டி, எல்லாம் நேராக மோடத்துக்குப் போய்விடும். நெட் வருகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். இணைப்பு வகை 'டைனமிக் ஐபி'. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் முறை வேண்டாம், அந்த வேலையை மோடம் ஏற்கெனவே செய்கிறது. மோடத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 (ஜியோவில் 192.168.29.1). புது ரவுட்டருக்கும் அதே 192.168.1.1 இருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நெட்டே வராது. ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்து, மறக்கவே கூடாத ஒன்று: மோடத்தின் பழைய வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவது. புது ரவுட்டரை மாட்டிவிட்டுப் பழைய பாஸ்வேர்டை அப்படியே விட்டால், பிள்ளையின் போன் தானாகவே பழைய வைஃபைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு பெயர்களுக்கும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைப்பது.

மோடத்தின் நிர்வாகப் பாஸ்வேர்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையால் மோடத்தின் 192.168.1.1 பக்கத்தைத் திறக்க முடியும். அங்கே 'அட்மின், அட்மின்' என்று போட்டுப் பார்க்கப் பன்னிரண்டு வயது போதும்.

டிவியை எந்தப் பக்கம் சேர்ப்பது? பிள்ளைகள் யூடியூப் பார்ப்பது பெரும்பாலும் டிவியில்தான் என்றால், அது பிள்ளைகள் பக்கம்தான் இருக்க வேண்டும். பெரியவர் போனிலிருந்து டிவிக்கு 'காஸ்ட்' செய்வது இதனால் வேலை செய்யாமல் போகலாம். அந்த அசௌகரியத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

டிஎன்எஸ்: ஒன்று நல்லது, இன்னொன்று ஓட்டை

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ். குடும்பங்களுக்கான டிஎன்எஸ் சேவைகள் ஆபாசத் தளங்களின் பெயருக்கு முகவரி சொல்ல மறுத்துவிடும். கிளவுட்ஃப்ளேரின் சேவை 1.1.1.3, 1.0.0.3. ஓப்பன்டிஎன்எஸ்ஸின் ஃபேமிலிஷீல்டு 208.67.222.123, 208.67.220.123. கிளீன்பிரவுசிங் 185.228.168.168, 185.228.169.168. அட்கார்டு 94.140.14.15, 94.140.15.16. கடைசி இரண்டும் கூகுள் தேடலைப் பாதுகாப்பு முறையிலேயே வைத்திருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இவை கூடுதல் பொருத்தம்.

கிளவுட்ஃப்ளேர் முகவரியின் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 1.1.1.1 எதையும் தடுக்காது. 1.1.1.2 வைரஸ் தளங்களை மட்டுமே தடுக்கும்.

இங்கே மிகப் பரவலான தவறு, இரண்டாவது கட்டத்தில் 8.8.8.8 என்று எழுதுவது. 'ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும்' என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இரண்டாவது டிஎன்எஸ் முதலாவது செத்தால் மட்டும் எழுந்து வரும் மாற்றாள் அல்ல. பல கருவிகள் இரண்டையும் கலந்தே கேட்கும். ஒரு தளம் ஒருமுறை திறக்காது, மறுமுறை திறக்கும். இரண்டு கட்டங்களிலும் ஒரே சேவையின் எண்களையே எழுதுங்கள்.

ஐபிவி6 இன்னொரு ஓட்டை. பழைய ஐபிவி4-க்கு அடுத்து வந்த புது இணைய முகவரி முறை அது. ஜியோவும் ஏர்டெல்லும் ஐபிவி6 முகவரி கொடுக்கின்றன. நீங்கள் ஐபிவி4 பக்கத்தில் மட்டும் டிஎன்எஸ்ஸை மாற்றியிருந்தால், போன் ஐபிவி6 வழியாக நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைக் கேட்டுக்கொள்ளும். பிள்ளைகளின் ரவுட்டரில் ஐபிவி6-ஐ அணைத்துவிடுவது எளிது. வைத்திருக்க வேண்டுமென்றால் கிளவுட்ஃப்ளேரின் ஐபிவி6 எண்கள் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003.

இத்தனையும் செய்தபின், கொஞ்சம் விவரமான பிள்ளை போனிலேயே 8.8.8.8 என்று எழுதிக்கொள்ளலாம். அதைத் தடுக்கத்தான் போர்ட் தடுப்பு. டிஎன்எஸ் கேள்விகள் போகும் போர்ட் 53, நீங்கள் தேர்ந்தெடுத்த எண்களைத் தவிர வேறெங்கும் போகாதபடி தடுக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் உள்ள ரவுட்டரில் தடுப்பதைவிட, எல்லா 53 கேள்விகளையும் ரவுட்டருக்கே திருப்பிவிடுவது நல்லது; 8.8.8.8-ஐ உள்ளேயே எழுதி வைத்திருக்கும் டிவி பெட்டிகள் அப்போதுதான் முரண்டு பிடிக்காது. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'ப்ரைவேட் டிஎன்எஸ்' போர்ட் 853-இல் போகிறது, அதையும் அடைத்துவிடுங்கள். பிரவுசருக்குள் இருக்கும் 'செக்யூர் டிஎன்எஸ்' சாதாரண இணையப் போக்குவரத்தோடு 443-இல் கலந்து போவதால் ரவுட்டரால் பிரிக்க முடியாது. எல்லாப் போக்குவரத்தையும் மறைத்து வேறு வழியாக அனுப்பும் விபிஎன் செயலிகளும், ஐகிளவுட் ப்ளஸ் சந்தா உள்ள ஐபோனின் 'ப்ரைவேட் ரிலே'யும் இதே வகை. இவற்றைப் பெரும்பாலும் போனில்தான் அடைக்க முடியும்.

சோதித்துப் பார்க்கும்போது பெரியவர் போனில் பார்த்துவிட்டு 'திறக்கிறதே' என்று குழம்ப வேண்டாம். பிள்ளைகளின் வைஃபையில் சேர்ந்த லேப்டாப்பில் கமாண்ட் பெட்டியைத் திறந்து, 'என்எஸ்லுக்அப்' (nslookup) கட்டளையோடு தடுக்கப்பட வேண்டிய ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். கிளவுட்ஃப்ளேர் என்றால் 0.0.0.0 என்று பதில் வர வேண்டும். அதே கட்டளையின் கடைசியில் 8.8.8.8 சேர்த்து மறுபடி கேளுங்கள். உண்மையான முகவரி வந்தால் போர்ட் 53 இன்னும் திறந்திருக்கிறது.

டிஎன்எஸ்ஸிடம் எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு. அது பார்ப்பது கடித உறையின் மேலுள்ள முகவரியை மட்டும். யூடியூபுக்குள் எந்த வீடியோ, இன்ஸ்டாகிராமில் யார் பேசுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ரவுட்டரில் கெட்ட வார்த்தைகளைப் பட்டியலிட்டுத் தடுக்கும் வசதியும் அப்படித்தான்: இன்றைய தளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே எச்டிடிபிஎஸ் (உள்ளடக்கத்தைப் பூட்டி அனுப்பும் முறை) என்பதால், பக்கத்தில் உள்ள வார்த்தை ரவுட்டர் கண்ணில் படாது. அதில் மணிக்கணக்காக உட்கார்ந்து வார்த்தை சேர்ப்பது வீண்.

ரவுட்டருக்கு மணி தெரியாதபோது

நேர அட்டவணை போட்டவர்களின் புலம்பலுக்குப் பாதிக் காரணம் ரவுட்டரின் கடிகாரம். நேர மண்டலம் +05:30 என்று இருக்கிறதா பாருங்கள். கிரீன்விச் நேரத்தில் விட்டிருந்தால், 21:30-க்குப் போட்ட தடை நம் ஊரில் விடியற்காலை 3 மணிக்கு வரும். சீன நேரமான +08:00-இல் இருந்தால் மாலை 7 மணிக்கே நெட் போய்விடும், வீட்டுப்பாட நேரத்தில்.

மின்வெட்டு அடுத்தது. ரவுட்டருக்குள் கடிகாரத்துக்கென்று பேட்டரி பெரும்பாலும் இருக்காது. கரண்ட் போய் வந்ததும் சில ரவுட்டர்கள் 1970 ஜனவரி 1 என்று தொடங்கி, நெட் வந்தபின் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். 'என்டிபி' என்ற அந்த வசதி அணைந்திருந்தால் அட்டவணை எந்த மணியில் ஓடுகிறதென்று யாருக்கும் தெரியாது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பாருங்கள்; சில ரவுட்டர்கள் 9 வோல்ட்.

நள்ளிரவைத் தாண்டும் விதியைச் சில ரவுட்டர்கள் ஏற்காது, ஏற்றாலும் தப்பாகப் புரிந்துகொள்ளும். 21:30 முதல் 23:59 வரை ஒன்று, 00:00 முதல் 06:00 வரை இன்னொன்று என்று பிரித்து எழுதுங்கள். இரண்டாவது விதி அடுத்த நாளின் கணக்கு என்பதை மறந்து, 'சனி இரவு விடுமுறை' என்று சனிக்கிழமையை மட்டும் விடுவித்தால், பன்னிரண்டு அடித்ததும் ஞாயிறு விதி வந்து அறுத்துவிடும். வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதிப் படத்தில் நெட்டை அறுப்பது பிள்ளைக்கு நம்மேல் உள்ள நம்பிக்கையைத்தான் அறுக்கும்.

முடிந்தால் தளங்களைத் தடுக்கும் அட்டவணையைவிட, வைஃபையையே அணைக்கும் அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது வகையில், சில ரவுட்டர்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ நிற்காமல் ஓடும்.

பாஸ்வேர்டு கசியும் வழிகள்

ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபையில் சேர்ந்த போன் எதுவும் ஒரு க்யூஆர் கட்டத்தைக் காட்டி இன்னொரு போனைச் சேர்த்துவிடும். பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதன் கீழேயே தெரியும். அம்மாவின் போன் பூட்டு எண் பிள்ளைக்குத் தெரிந்தால், பெரியவர்கள் வைஃபையும் தெரியும் என்றே அர்த்தம். மோடத்தின் பின்புற ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் பாஸ்வேர்டு எதையும் பயன்பாட்டில் விடாதீர்கள். டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், பொத்தானை அழுத்தினால் பாஸ்வேர்டே கேட்காமல் சேர்க்கும் வசதி அது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் பயன் ஒன்றுமில்லை.

ரீசெட் துளையில் குச்சியைவிட்டுப் பத்து விநாடி அழுத்தினால் எல்லா விதிகளும் அழியும். இதை முழுதாகத் தடுக்க முடியாது, ஆனால் கண்டுபிடிக்கலாம்: ரவுட்டர் கம்பெனி வைத்த பழைய பெயரில் வைஃபை தெரிந்தால் ரீசெட் ஆகியிருக்கிறது. அமைப்பை முடித்ததும் 'பேக்கப்' எடுத்து வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏற்றிவிடலாம்.

போனில் சிம் இருந்தால்

ரவுட்டரில் எவ்வளவு உழைத்தாலும், வைஃபை நின்ற நொடியே போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி வரும் சிம் உள்ள போனுக்கு ரவுட்டர் கட்டுப்பாடு பாதிதான். மீதிப் பாதிக்கு ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம். இரண்டிலும் தூங்கும் நேரத்தில் போனையே பூட்டலாம், புதுச் செயலி இறக்க நம் அனுமதி வேண்டும் என்று வைக்கலாம். விபிஎன் செயலிகளுக்கு வாசல் அடைபடுவது இங்கேதான். பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் டேப்லெட்டில் சிம் போடாமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது. பெரியவர்கள் போனின் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். என்றோ ஒரு பயணத்தில் சொல்லிக் கொடுத்தது பிள்ளையின் போனில் இன்னும் இருக்கும்.

எல்லாம் சரியாக ஓடும்போது ஒருநாள் நெட் பழுதாகி, இணைய நிறுவனத்தின் ஆள் வந்து மோடத்தை மாற்றிவிட்டுப் போவார். புது மோடத்தின் வைஃபை ஸ்டிக்கர் பாஸ்வேர்டோடு திறந்திருக்கும். பெரும்பாலும் அதை அவர் வீட்டில் இருக்கும் பிள்ளையின் போனில்தான் போட்டுச் சோதித்துக் காட்டுவார். அன்று மாலையே வைஃபை பாஸ்வேர்டு, நிர்வாகப் பாஸ்வேர்டு, டபிள்யூபிஎஸ் மூன்றையும் மாற்றிவிட்டு, என்எஸ்லுக்அப் சோதனையை மறுபடி செய்யுங்கள்.