பட்டாலியன் பல் பரிசோதனை: யாருக்கு முதலில் நாற்காலி?

ராணுவப் பல் மருத்துவப் பிரிவில் சேர்ந்து, முதன்முதலாக ஒரு யூனிட்டைப் பரிசோதிக்கப் போகிறவர்களுக்கு, ஓய்வு பெற்றவன் நான் சொல்வது.

பல் பார்க்கும் கண்ணாடியைக் கையில் எடுக்கும் முன், யூனிட்டின் நிர்வாகத்தைப் பார்க்கும் அதிகாரியான அட்ஜுடன்ட்டைப் பாருங்கள். பட்டாலியனின் எந்தக் கம்பெனி, அதாவது எந்தப் பிரிவு, முதலில் மலைக்குக் கிளம்புகிறது என்று கேளுங்கள். சியாச்சின் மாதிரி இடத்தில் பல் வீங்கினால், வானிலை விட்டால்தான் ஹெலிகாப்டர். ஆகவே எத்தனை சொத்தை என்பதல்ல, எந்தப் பல் அங்கே போய் வலியைக் கிளப்பும் என்பதே கேள்வி.

ஆள்சேர்ப்பின்போது பல்லுக்குப் போட்ட புள்ளியை நம்பாதீர்கள். மேலும் கீழும் சரியாகச் சேரும் முன்பல், கோரைப்பல், முன்கடைவாய் ஜோடிக்கு ஒன்று. நன்கு வளர்ந்த கடைவாய் ஜோடிக்கு இரண்டு. 32 பல்லும் இருந்தால் 22, குறைந்தது 14 வேண்டும். மெல்ல முடியுமா என்பதற்குத்தான் அந்தக் கணக்கு. வேருக்கடியில் சீழ் கட்டுவது அதில் தெரியாது.

“வலி இருக்கா?” என்று கேட்டால் “சப் டீக் ஹை, சாப்” (எல்லாம் சரியா இருக்கு, சார்) என்றுதான் வரும். லீவு கெட்டுவிடுமோ என்ற பயம். “எந்தப் பக்கம் மெல்லுவே?” என்று கேளுங்கள். ஒரே பக்கம் என்றால், மறுபக்கக் கடைவாய்ப் பற்களைக் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இமை துடித்த பல்லுக்கு எக்ஸ்ரே.

இருபது வயதுப் பையன்களிடம் வில்லங்கம் கீழ் ஞானப்பல்தான். பாதி முளைத்து, மேலே ஈறு மூடிக் கிடக்கும். அந்த ஈற்றை விரலால் அழுத்துங்கள். சீழ் கசிந்தால் அவன் மலையேறக் கூடாது. கீழுதட்டையும் புரட்டிப் பாருங்கள், கைனிப் புகையிலை ஒதுக்கும் இடம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். குட்கா வாயை இறுக்கித் திறக்க விடாமல் செய்யும்; அதைப் போடுகிறவனின் வாயில் அவனுடைய மூன்று விரல் செங்குத்தாக நுழைகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

பிரித்து எழுத அமெரிக்க ராணுவத்தின் நான்கு வகுப்பு முறை எனக்குப் பிடிக்கும். 1: சிகிச்சை வேண்டாம். 2: வேண்டும், ஆனால் 12 மாதத்துக்குள் அவசரம் வராது. 3: வரக்கூடும். 4: பரிசோதனையே நடக்காதவன். இந்த நாலாவது ஆளைத்தான் துரத்திப் பிடிக்க வேண்டும். லீவிலோ கோர்ஸிலோ இருப்பான், பட்டியலில் பெயரே வராது.

மூன்றாம் வகுப்பு முழுக்க, கிளம்பும் தேதிக்கு முன் முடிய வேண்டும். பாதி ரூட் கேனலில் தற்காலிக சிமென்ட் அடைத்து மேலே அனுப்பவே அனுப்பாதீர்கள். நேரம் போதாதென்றால், அடுத்த பேட்ச்சில் அனுப்பும்படி எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.